பிச்சம்மாள் ஏறாத ரயில்

ஒரு வண்டியை மிகவும் விரும்புகிறவர் அதில் ஏறி உட்காரத்தானே ஆசைப்படுவார்? எங்கள் ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் கணவரோடு மிளகாய் வத்தல் மொத்தக்கடை நடத்தும் பிச்சம்மாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது.

சென்ற வருஷம் ஒரு சனியும் ஞாயிறும் மட்டும் பழைய நீராவி ரயிலை இங்கிருந்து நாகர்கோவில் வரை ஓட்டினார்கள். சனிக்கிழமை, நேமம் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் நானும் அவர்கள் இருவரும் நின்றிருந்தோம். அது முழு வேகத்தில் வந்தபோது காலடியில் தரை அதிர்ந்தது. சக்கரத் தண்டுகள் கண்ணுக்குப் பிடிபடாமல் பறந்தன. மிளகாய்த் தூசிக்கு ஒரு நாளும் தும்மாத பிச்சம்மாள், கரிப்புகையில் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டே, "என்னா ஓட்டம், பாத்தியளா!" என்று குதித்தார். அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

கணவர் அழகியநம்பி அலைந்து திரிந்து, மறுநாள் ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கிவந்தார். ஸ்டேஷனில் பிச்சம்மாள் அதைக் கணவர் கையிலேயே திணித்தார்.

"நீங்க போயிட்டு வாங்க."

"ஒனக்கென்ன வட்டா, கிறுக்கா பிள்ளே? ஆசைப்பட்டது நீயில்லா!"

பிச்சம்மாள் சிரித்தார். ரயில் கிளம்புமுன்பே ஆட்டோ பிடித்து, அது முழு வேகத்தில் வரும் அந்தக் கேட்டுக்கே மறுபடியும் போய் நின்றார். ஏனென்று இன்றுவரை சொன்னதில்லை.