சரசக்கா உரிக்காமல் கொடுத்த முட்டை

இதைப் படிக்கப்போகும் நீங்கள் எல்லாரும் நம் தொடக்கப்பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் என்னோடு வெங்காயம் உரித்தவர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தாளை வேறு யாருக்கும் காட்டாதீர்கள். நாளை பள்ளியில் சரசக்காவின் படத்தைத் தலைமையாசிரியை வைக்கும்போது நீங்கள் மட்டும் படித்துவிட்டு, மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுங்கள். கீழே என் பெயர் இருக்காது. கையெழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

செய்தி நேற்று நாங்கள் சாப்பிடும் நேரத்தில் வந்தது. அப்பாவின் தட்டில் நான் கடைந்த பச்சைப்பயறு. அம்மா போனை வைத்துவிட்டு, "சத்துணவு ஆக்கற சரசு செத்துப்போயிட்டாளாமுங்க. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வல்லியாம்" என்றார்.

"சரசக்காவா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. காலனியில் இருப்பவர்கள் எத்தனை வயதானவர்களாக இருந்தாலும் எங்கள் வீட்டில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். என்னையும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"அவ உனக்கு எந்த ஊட்டு அக்கா?"

"பள்ளிக்கூடத்துல எல்லாரும் அப்படித்தானுங்கப்பா கூப்புடுவாங்க."

"எல்லாருமா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் இன்று காலையிலிருந்து நான் அடுப்படிக்குள் போகும்போதெல்லாம் என் கைகளையே பார்க்கிறார்.

சரசக்கா நம் பள்ளிக்குச் சமைக்க வந்தபோது நாம் மூன்றாம் வகுப்பு. அவருடைய சாதியைச் சொல்லி, அந்தக் கையால் ஆக்கியதைச் சாப்பிடக்கூடாது என்று வீட்டில் டப்பா கட்டிக் கொடுத்தார்கள். அப்படி முடிவு செய்தவர்களில் முதல் ஆள் என் அப்பா. யாரும் சாப்பிடாவிட்டால் அதிகாரிகளே அவளை மாற்றிவிடுவார்கள் என்று அவர் வீட்டில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

சரசக்கா யாரையும் திட்டவில்லை. ஒருநாள் அவித்த முட்டைகளைக் கூடையோடு கொண்டுவந்து நம் நடுவில் வைத்தார். "ஓட்டோட கெடக்குது பாருங்க சாமி. உரிக்கப்போறது நீங்க. உள்ள என்ற கை படல" என்று சிரித்தார்.

எங்களுடையது கோழிப்பண்ணை. முட்டை எனக்குப் புதிதில்லை. ஆனால் நானே உரித்து, நானே மிளகு தூவிய முதல் முட்டை அது. எங்கள் பண்ணையில் முட்டை பொறுக்குவதும் அவர் தெருப் பெண்கள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் வெங்காயம். பிறகு பயறில் கல் பொறுக்குவது. அடுப்பைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "கோட்டுக்கு அந்தப்பக்கம் தீயி, அது என்றது. இந்தப்பக்கம் எல்லாம் உங்களுது" என்பார். பையன்கள் வாசலிலேயே நின்றால் விடமாட்டார். "ஏஞ்சாமி, நீங்கெல்லாம் வாயில்லாமயா பொறந்தீங்க? வந்து கீரைய ஆயுங்க." பரீட்சைக்கு உட்கார்ந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் கீரை ஆய்வார்கள். மாதம் முடிவதற்குள் நம் டப்பாச் சோறெல்லாம் பள்ளிக்கூடத்து நாய்க்குப் போனது. நாய் கொழுத்துவிட்டது.

ஒருமுறை அவரிடமே கேட்டேன். "எங்களுக்குச் சமையல்ல ஆசை வரோணும்னா இதெல்லாம் செய்யறீங்க, இல்ல வேலை போயிருமுன்னா?"

"ரெண்டுக்குந்தான் சாமி. தான் ஆக்குனத வேண்டாம்னு சொல்ற புள்ளைய நான் பாத்ததில்ல."

இனி உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், நீங்கள் எல்லாரும் விளையாடப் போன பிறகு, நான் மட்டும் அங்கே இருந்தேன். சாம்பாருக்கு உப்புப் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார். முதலில் உள்ளங்கையில் கொட்டிப் பார், பிறகு போடு என்பது அவர் பழக்கம். போட்டேன். அப்போது வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. பயத்தில் போட்டது மறந்து, இன்னொரு கை அள்ளிப் போட்டுவிட்டேன். சரசக்கா என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார்.

"புள்ளைங்கள உன்ற அடுப்புக்கிட்ட உடறியாமா?" அப்பாவின் குரல்.

"இல்லீங்க. நான் மட்டுந்தானுங்க ஆக்கறேன்."

"வேற யாரும் வர்றதில்ல?"

"யாரும் வல்லீங்க."

அன்று சாம்பாரை ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. நாம் எல்லாரும் வெறும் சோறு சாப்பிட்ட நாள் அதுதான். அப்பாவும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சமைக்கவே தெரியாதவள் என்று மனு எழுதினார்கள். தலைமையாசிரியையின் அறையில் சரசக்கா கைகட்டி நின்று, "என்ற தப்புதானுங்க, கை தவறிப்போச்சுங்க" என்று சொன்னதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலை போகவில்லை; ஆனால் போகவிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் என்னிடம், "அடுத்த தடவ போட்டதும் கையத் தட்டிக்க. கை காலியா இருந்தா போட்டாச்சுன்னு தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

பயற்றைக் கடைந்து இறக்கியதும் சின்ன வெங்காயத்தைப் பச்சையாகத் தட்டிப் போட்டு மூடிவைப்பது அவர் சொல்லிக்கொடுத்தது. அப்பா அதை இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவார். "உங்கொம்மாவ உட நீ ஆக்கறதுதான் சாமி நல்லாருக்குது. யாருகிட்டக் கத்துக்கிட்ட?" என்று ஒருநாள் கேட்டார். போனில் பார்த்தேன் என்றேன். நேற்று அவர் தட்டில் பாதிப் பயறு அப்படியே இருந்தது.

சரசக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உப்பு போட்டதும் இரண்டு கையையும் தட்டிக்கொள்கிறேன். இன்று காலையும் தட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"இன்னும் லைட்டு எரியுது? கதவத் தெற சாமி."

தாளை ஒளித்துவைக்க நேரம் இருக்கிறது. அதற்கு முன் ஒன்று. அன்று இரண்டு முறை உப்புப் போட்டது சரசக்கா இல்லை. நான்.

கௌசல்யா