கடை வாசலில் நின்ற புள்ளி

எங்கள் நெல் அறுக்கும் மெஷினில், டிரைவர் சீட்டுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் வற்புறுத்தி மாட்ட வைத்தது. செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, நேரத்தோடு குறித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சிம் கார்டு அதை அனுப்பிவிடும். என் போனில் அது ஒரு பச்சைப் புள்ளி, அவர் போனிலும் அதே புள்ளி. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்தது அது ஒன்றைத்தான்.

டிரைவர் சேலத்துப் பக்கத்துக்காரர். என்னை அக்கா என்பார். குடியால் மனைவி பிரிந்து போனபின், கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டவர். கயிறு இருக்கும்வரை தொடமாட்டேன் என்று சாமி முன்னால் கொடுத்த வாக்கு. எட்டு மாதம் ஆகியிருந்தது. அறுப்பு முடிந்ததும் திரும்பி வருவதாக மனைவி சொல்லியிருந்தார்.

அன்று டிரைவர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு வயலுக்குப் போயிருந்தார். மத்தியானம் துபாயிலிருந்து போன்.

"மெஷின் மூணு மணி நேரமா சாராயக் கடை வாசல்லயே நிக்குது, பார்த்தியா?"

பார்த்தேன். அங்கேதான் நின்றது. டிரைவரைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அடுத்த முறைக்காக இரண்டு விவசாயிகள் வேறு வாசலில் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் மெஷின் வந்து நின்றது. இறங்கியவரிடம், அந்த இரண்டு பேர் முன்னால் கேட்டேன்.

"கயித்த அவுத்தாச்சா?"

அவர் முழித்தார். "என்னக்கா சொல்றீங்க? வயல்ல அறுத்துட்டு வர்றேன். அங்க டவரே இல்லக்கா."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சாவியை என் ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு நடந்தார்.

கால் மணி நேரத்தில் மறுபடியும் துபாய். "புள்ளியெல்லாம் இப்பத்தான் வருது. நீ திறந்து பாரு."

டவர் கிடைக்காத இடத்தில் அந்தப் பெட்டி சும்மா இருப்பதில்லையாம். குறித்ததையெல்லாம் தனக்குள்ளேயே வைத்திருந்து, டவர் கிடைத்ததும் பழசிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாக அனுப்புமாம். கடை வாசல், டவர் கடைசியாகக் கிடைத்த இடம். மெஷின் அங்கே நிற்கவே இல்லை, கடந்துதான் போயிருக்கிறது. அதற்கப்புறம் வயல். போய் வந்து, போய் வந்து, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி நெருக்கமாக, ஒரு மூலை விடாமல். ஸ்கூட்டரை எடுத்தேன்.

டிரைவரைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். "தப்புப் பண்ணிட்டேன் தம்பி. இப்பத்தான் எல்லாம் வந்துச்சு, பாருங்க" என்று மறுபடியும் போனைத்தான் நீட்டினேன்.

"நான் சொன்னப்ப நம்பல. பெட்டி சொன்னதும் நம்பிட்டீங்க" என்றார்.

போனைப் பைக்குள் போட்டேன். மழை வருகிறது, பயிர் சாய்ந்துவிடும் என்று பின்னாலேயே வந்த அந்த இரண்டு விவசாயிகளும் கெஞ்சியதால் திரும்பி வந்தார். அந்தப் பருவம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் அறுத்துக் கொடுத்தார். கயிறு கையிலேயே இருந்தது.

அக்கா என்று மட்டும் அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஓனரம்மா என்றார்.