மாப்பிள்ளையின் தோல்

ரப்பர் டீச்சர் என்று சொன்னால்தான் அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவளைத் தெரியும். செத்த மாட்டின் ரத்தக் குழாய்களில் சிவப்பு ரப்பர் பாலை ஏற்றுவாள். அது இறுகியதும் சதையை அமிலத்தில் கரைத்துவிடுவாள். குழாய்கள் போன வழியெல்லாம் ஒரு சிவப்புக் கொடியாக மிஞ்சும். எருமையின் மடி, குதிரையின் குளம்பு என்று ஏகப்பட்ட கொடிகள் அவள் அறைக் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. கொஞ்ச காலமாக அவள் கட்டிக்கொண்டு அழுதது காளையின் விதைப்பைத் தோலோடு.

வீட்டில் இதை எடுத்துச் சொல்வது பெரும்பாடு.

"அப்படி என்னம்மா ஆராய்ச்சி பண்றே?" என்று மாமியார் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"காளையோட தோல்ல ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன் அத்தை."

"எந்த இடத்துத் தோல்?"

"கொஞ்சம் கீழ, அத்தை. பின்னங்காலுக்கு நடுவுல."

கணவனுக்குப் புரையேறியது. மாமியார் அவன் தலையில் தட்டினார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். விதை உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் காளை காளையாக இருக்கும். அந்தக் குளிர்ச்சியைக் காப்பதில் மெல்லிய தோலுக்கும் அதில் ஓடும் ரத்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

பைகள் இறைச்சிக் கூடத்திலிருந்து வரும். அறுத்தெடுத்த பையில் முன் எது, பின் எது என்று சட்டென்று சொல்ல முடியாது. முன்னால் இருக்கும் சின்னக் காம்புகள் உடம்போடு போய்விடும். அதனால் முன்பக்கத்தில் ஒரு நூல் கட்டி அனுப்பும்படி கசாப்புக்காரரிடம் சொல்லியிருந்தாள். கொடிகளைப் பார்த்தபோது, நூல் இல்லாத பின்பக்கத்தில்தான் குழாய்கள் தடித்தும் அடர்ந்தும் இருந்தன. பெரிய குழாய் முன்னால் வருவதாகத்தான் புத்தகம் சொல்கிறது. புத்தகத்துக்கு எதிராக ஒன்று அகப்பட்டால் யாருக்குத்தான் தலை கொஞ்சம் கனக்காது? அவளுக்கும் கனத்தது.

அப்போதுதான் பால்காரம்மா தன் காளையைக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் துணை. அதனால் எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவார்கள். பையின் பக்கவாட்டில் முஷ்டி அளவுக்கு ஒரு கட்டி.

அறுவை மருத்துவர் டீச்சரைக் கூப்பிட்டார். "கட்டிய எடுத்துட்டா தோல் பத்தாது டீச்சர். பக்கத்துத் தோலத் தூக்கி மூடணும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிட்டு இருக்கும். எந்தப் பக்கம் விடட்டும்?"

கடித உறையின் மடிப்பு மாதிரி. ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்துதான் ரத்தம் வந்தாக வேண்டும். வராவிட்டால் தோல் கறுத்து உதிரும், விதை கெடும். பிறகு மாப்பிள்ளை போகிற இடம் இறைச்சிக் கூடம்தான்.

"பின்பக்கம் விடுங்க சார்" என்றாள், யோசிக்காமல்.

அறுவை நடக்கவிருந்த காலையில் அவள் பை வாங்க இறைச்சிக் கூடத்துக்கே போனாள். பின்னங்கால்களில் தொங்கிய மாட்டின் அருகே கசாப்புக்காரரின் மச்சான் நூல் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் அந்தப் பக்கம் கட்டறீங்க?"

"நிக்கிற பக்கம் கட்டுன்னு அத்தான் சொன்னாரும்மா. நான் நிக்கிற பக்கம் இதுதானே?"

அத்தான் வயிற்றுப் பக்கம் நின்று அறுப்பவர். மச்சான் நின்றது வால் பக்கம்.

"எப்போலேருந்து நீங்க கட்டறீங்க?"

"முதல்லேருந்தே நான்தாம்மா. அத்தானுக்கு இந்த நூல் வேலைக்கெல்லாம் பொறுமை ஏது?"

அப்படியானால் அவள் பின்பக்கம் என்று பார்த்ததெல்லாம் முன்பக்கம். அத்தனை கொடியும் தலைகீழ். மருத்துவர் போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது முன்பக்கம் வெட்டியாகிவிட்டது, தையல் ஓடிக்கொண்டிருந்தது. பால்காரம்மா காளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுபடவே டீச்சர் சொன்னாள்: "நான் சொன்னது தப்பு சார். பெரிய ரத்த வழி முன்பக்கம்தான்."

மருத்துவரின் கை நின்றது. கோபம் முகத்தில் ஏறி இறங்கியது. "பின்னாடி ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. மெல்லிசு. தையல் இறுக்கினா அதுவும் நசுங்கிடும்."

அவர் தையல்களைப் பிரித்து, தளர்வாகப் போட ஆரம்பித்தார். காயத்தின் வாய் மூடாத இடங்களை அப்படியே விட்டார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா டீச்சரம்மா?" என்று பால்காரம்மா கேட்டாள்.

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப கூடவே இருங்க. எங்கயும் போயிடாதீங்க."

போகவில்லை. வகுப்பு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மாப்பிள்ளையைக் கட்டியிருந்த கொட்டகையில்தான். தோல் முதலில் வெளுத்தது, பிறகு நீலம் பூத்தது. கீழ் ஓரத்தில் விரலகலம் கறுத்தே போனது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் காரணம் கேட்டார். இந்த முறை ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த வாயில்லா ஜீவனுக்கு ஒண்ணும் ஆகாது, சாப்பிடு" என்றார் மாமியார்.

மறுநாள் காலை மருத்துவர் கறுப்பு ஓரத்தைத் தாண்டி, நீலம் பூத்திருந்த இடத்தில் ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகு, மெதுவாக, ஒரு சொட்டு துளிர்த்தது. நல்ல சிவப்பு.

"ஐயோ, ரத்தம் வருதே!" என்று பதறினாள் பால்காரம்மா.

"வரணும்மா. வந்தாதான் பொழைச்சுது" என்றார் மருத்துவர்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருடம் அவள் பார்த்த குழாய்களிலெல்லாம் சிவப்பை அவளே ஏற்ற வேண்டியிருந்தது. இது தானாக வந்தது.