மழை லீவும் பாப்பாவின் கடலைக் கஞ்சியும்

இன்னைக்கு மழைக்கு ஸ்கூல் லீவு. அதனால நானும் என் எட்டு மாசப் பொண்ணும் ஸ்ரீரங்கத்துல எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல, ஸ்கூட்டர் மேல உக்காந்து கஞ்சி வேலையை முடிச்சோம்.

காரணம் பெரியவன். ரெண்டு வயசுல ஒரு துண்டு கடலைமிட்டாய் தின்னு முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்னைலேர்ந்து அவன் இருக்கற இடத்துல கடலை கிடையாது.

ஆனா சின்னவளுக்குக் கடலையைத் தள்ளிப் போடாதீங்க, இப்பவே பழக்கினா அவளுக்கும் அலர்ஜி வர்ற வாய்ப்பு குறையும்னு டாக்டர் சொன்னார். முதல் வாய் அவர் முன்னாடிதான் குடுத்தோம். ஒண்ணும் ஆகலை. இனி வாரத்துல ரெண்டு நாள் விடாம குடுக்கணுமாம். கடலையை வறுத்து, நைசா பொடிச்சு, கஞ்சியில கலந்து, பெரியவன் ஸ்கூல் வேன் ஏறினதும் ஊட்டிடுவோம். இன்னைக்கு அவன் வீட்டுல. நாங்க கீழ.

முதல் மாடி மாமி பார்த்துட்டாங்க.

"என்னப்பா, ஆத்துல சண்டையா? கொழந்தையைத் தூக்கிண்டு இங்க வந்து உக்காந்திருக்கே?"

எல்லாத்தையும் சொன்னேன்.

"பெரியவனுக்கே ஆகலை. இவளுக்கு எதுக்கு இந்த விஷப்பரீட்சை?"

"அவனுக்கு ஆகலைங்கறதாலதான் மாமி. டாக்டர் சொன்னபடி குடுக்கறேன். நிறுத்த மாட்டேன்."

மாமி படி ஏறி மேல போயிட்டாங்க. பாப்பா கடைசி ஸ்பூன் வரைக்கும் முடிச்சா.

கை, முகம் எல்லாம் கழுவி, அவளுக்கு டிரஸ் மாத்தி மேல போனா, என் மனைவி சிரிக்கிறா. மாமி வந்து சொன்னாங்களாம்: "பாவம்மா, கடலை, டாக்டர்னு ஏதோ கதை சொல்லிண்டு உக்காந்திருக்கான். கோவத்தை விட்டுட்டுக் கூப்டுக்கோ."

வெள்ளிக்கிழமையும் மழைங்கறாங்க. அன்னைக்கும் பார்க்கிங்லதான் இருப்போம். சமாதானம் பேச வர்றவங்க ஒரு காபியோட வாங்க.