தேதிக் கட்டம் காலி

"இன்னா வேணும்? ஆதாரா, பட்டாவா? குந்துங்க." திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார் அறிவுச்செல்வன். நைனார்பாளையத்தில் அவருடைய கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களுக்கு முகத்தைவிட அவர் பிடரிதான் நன்றாகப் பழக்கம். ஒரு கை மவுஸில், மறு கை வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தில். கடலைத் தோல் முழுக்க கீபோர்டுக்குள் போகும். மாதத்துக்கு ஒரு முறை அதைக் கவிழ்த்துத் தட்டுவார்.

ஐம்பதை நெருங்குகிறார். கடைத்தெருவே விண்டோஸில் இருக்க, இவர் மட்டும் லினக்ஸ். "இதுல வைரசே வராது சார்" என்பார். சரி, வராமலே இருக்கட்டும். ஆனால் புதிய பதிப்பு வந்தால் அன்றைக்கே ஏற்றியாக வேண்டுமென்று யார் அழுதார்கள்? அதுவும் கரும்பு வெட்டு நடக்கிற மாதத்தில்! ஏற்றிய மறுநாள் பிரிண்டர் ஓடாது. கேட்டால், "ஒங்க ஃபைல்ல கோளாறு" என்று நம் தலையிலேயே கட்டிவிடுவார். பள்ளி வினாத்தாள் அச்செடுக்க ஆறு வருஷமாகப் போகிறேன். தன் கணினியில் கோளாறு என்று அவர் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை ஏற்றினார். இங்கே கரும்பு போட்டவர்களுக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு பி.டி.எஃப்.ஆக வரும். பெயரும் வயல் விவரமும் முன்பே அச்சாகியிருக்கும். வெட்டு நாள் முடிவானதும் தேதிக் கட்டத்தை மட்டும் நிரப்புவார்கள். திங்கள் முதல் வந்தவர்களுக்கெல்லாம் அறிவுச்செல்வன் திரையைக் காட்டினார். "பாருங்க, கட்டம் காலி. இன்னும் தேதி போடல. போய் வேலையப் பாருங்க."

வியாழன் காலை நான் வினாத்தாளோடு காத்திருந்தபோது, கரும்பு போட்டிருக்கும் கொளஞ்சியம்மாள் செல்போனோடு வந்தார். "தம்பி, எம் பொண்ணு மெட்ராஸ்ல குந்திக்கினு செல்லுலயே பாத்துட்டா. நாளைக்கு வெட்டுன்னு தேதி போட்டிருக்குது. நீ இல்லன்னு சொல்லிக்கினு இருக்க?"

"செல்லுல தப்பா காட்டும்மா."

"செல்லு தானா தேதி எழுதிக்குமா?"

அறிவுச்செல்வன் திரும்பினார். போனை வாங்கிப் பார்த்தார். பிறகு தொடங்கியது கூத்து. பக்கத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். திரையின் நிறத்தை மாற்றினார். கணினியை அணைத்துப் போட்டார். கட்டம் காலியாகவே இருந்தது. "அந்தப் பொண்ணு ஃபைலு வேறயா இருக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதே ஃபைலை வேற எதுலயாவது திறந்து பாருங்களேன்!" என்று கத்தியேவிட்டேன். முனகிக்கொண்டே பிரவுசரில் திறந்தார். தேதி பளிச்சென்று இருந்தது.

அதன்பின் கறுப்புத் திரையில் அரை மணி நேரம் என்னென்னவோ தட்டிக் காரணத்தைப் பிடித்தார். கட்டத்தை நிரப்பும் எழுத்துரு, புதிய பதிப்பு ஏறும்போது கழன்றுபோயிருந்தது. பிரவுசருக்குச் சொந்த எழுத்துரு இருந்ததால் அதில் மட்டும் தேதி தெரிந்திருக்கிறது. அதைத் திரும்பப் போட்டதும் எல்லாம் தெரிந்தது. அந்த வாரம் பார்த்த ஆறு பேரின் உத்தரவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். நான்கு பேருக்கு அடுத்த வாரம். கொளஞ்சியம்மாளுக்கு நாளை. செல்லமுத்துவுக்கு நேற்று.

செல்லமுத்து குத்தகைக்கு இரண்டு ஏக்கர் கரும்பு போட்டவர். நாளைத் தவறவிட்டால் பருவத்தின் கடைசியில்தான் மறுபடி முறை வரும். அதற்குள் கரும்பு காய்ந்து எடை இறங்கிவிடும். போன் போனதும் மொபெட்டில் வந்து நின்றார்.

"வெட்டுக்கு ஆள் பேசி வச்சிருந்தேனே! நீ சொன்னன்னுதான் வேற காட்டுக்கு அனுப்பிட்டேன். ஆலையில கேட்டா நான் ஆள் வைக்கலன்னு இல்ல எழுதிக்குவாங்க?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அறிவுச்செல்வனைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம். அவர் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவிக் கையாலேயே எழுத ஆரம்பித்தார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஆலையின் கரும்பு அலுவலருக்கு எழுதிக்கொண்டிருந்தார்: "விவசாயி மீது தவறில்லை. என் கணினியில் தேதி தெரியவில்லை. சரிபார்க்காமல் அவரைத் திருப்பி அனுப்பியவன் நான்."

கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே கடை முத்திரையையும் குத்தினார். எங்கள் எல்லோரையும் வெளியே வரச்சொல்லி ஷட்டரை இழுத்து விட்டார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, செல்லமுத்துவின் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.