என் பைக்குக் கிடைக்கும் இருக்கை

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமாகிறது. இங்கே பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். என் பைக்கு மட்டும் தினமும் கிடைத்துவிடுகிறது.

இன்று மாலை வட்டுக்கோட்டை பஸ்ஸிலும் அப்படித்தான். நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒரு அம்மா கையை நீட்டினார்.

"பையைத் தாங்கோ பிள்ளை, நான் வைச்சிருக்கிறன்."

லேப்டாப்போடு பை அவர் மடிக்குப் போனது. என் நிறுத்தம் வந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பிய பிறகுதான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. அலறிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

உள்ளே என்னைவிடப் பெரிய அலறல்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! அந்தப் பிள்ளையின்ரை பை இஞ்சை கிடக்கு!"

பஸ் நின்றது. கை மாறிக் கை மாறி, ஜன்னல் வழியாக என் பை வந்தது. கூடவே இன்னொரு பையும் வந்தது.

"ஐயோ, இது என்னுடையது இல்லைங்க!"

எஞ்சின் இரைச்சலில், நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் நடத்துனர். "ஓம் ஓம், பரவாயில்லை அக்கா. போகலாம், றைற்!"

போயே விட்டார்கள்.

இப்போது என் மேசையில் லேப்டாப் பத்திரமாக இருக்கிறது. பக்கத்தில் யாருடையதோ ஒரு பை கத்தரிக்காய்.

உரியவர் நாளை மாலை அதே பஸ்ஸில் வரவும். கண்டுபிடிப்பது சுலபம். நான் நின்றுகொண்டிருப்பேன், உங்கள் கத்தரிக்காய் உட்கார்ந்திருக்கும்.