நடக்க ஆழம், படகுக்குச் சேறு

எங்கள் பக்கத்து வீட்டு மரியசெல்வி செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பல வருஷமாகிறது. பிறந்தது பழவேற்காட்டு ஏரியில் ஒரு தீவில். இங்கே மலையடியில் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுக்கும்போதே, "எங்க ஊர்ல இந்நேரம் தண்ணி வத்தியிருக்கும். பொம்பளைங்க சேத்துல கையால எறா தடவிப் புடிப்பாங்க" என்பாள். யாரும் கேட்காமலே சொல்வாள். கிணறு வற்றினால் அடுத்த மழைதான் என்று கிடக்கிற எங்களுக்கு, கடலோடு சேர்ந்து தினமும் இரண்டு தடவை வற்றி ஏறும் ஏரித் தண்ணீர் வெறும் கதைதான்.

போன ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் அவள் அப்பா இறந்துபோனார். விடியற்காலை போன் வந்தது. "ஏங்க, ஒடனே கெளம்புங்க. மத்தியானத்துக்கு மேல தண்ணி வத்தும், அப்பவே எடுத்துடுவாங்க. நைனா மொகத்தப் பாக்கணும்" என்றாள் புருஷனிடம்.

அந்தத் தீவுக்குக் கல்லறை அடுத்த திட்டில் இருக்கிறது. நடுவே ஒரு கால்வாய். சோறு போடுகிற படகில் சவப்பெட்டியை ஏற்ற மாட்டார்கள். தண்ணீர் வற்றும்போது தோளில் சுமந்து நடந்தே கடப்பார்கள்.

அவள் புருஷன் காஸ்பர் நல்லவன்தான், ஆனால் சுத்த செஞ்சிக்காரன். "பொண்ணு போவாம எடுத்துடுவாங்களா? இன்னா டென்ஷன் உனக்கு?" என்று சொல்லி, அனந்தபுரத்துப் பெரியப்பா வரட்டும், பூமாலை வரட்டும் என வேனை நிறுத்தியே வைத்திருந்தான். எங்கள் ஊரில் எடுக்கத்தான் மாட்டார்கள்.

வேனை விட்டுப் படகேறித் தீவுக்குப் போனபோது சாயங்காலம். பெட்டி அக்கரைக்குப் போய்விட்டிருந்தது. கால்வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படகு விட்டால் ஓரங்களில் சேற்றில் தட்டும், நடந்தால் நடுவில் ஆழம். கூட வந்த பங்காளிகள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். மரியசெல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். நீச்சல் தெரியாத காஸ்பர் என்ன நினைத்தானோ, அவனும் பின்னாலேயே இறங்கினான்.

"என் தோள வுடாதீங்க. நான் கால் வெக்கிற எடத்துலயே வைங்க."

நெஞ்சளவுத் தண்ணீரில் அவள் காலால் அடியைத் துழாவித் துழாவி நடந்தாள்.

அக்கரையில் அவள் அண்ணன் லாரன்ஸும் சுமந்து வந்தவர்களும் பெட்டியை மூடாமல் நின்றிருந்தார்கள். திரும்பும் வழி மூழ்கிவிடும், மறுபடி வற்றும்வரை அங்கேதான் கிடக்கவேண்டும் என்று தெரிந்தேதான் நின்றார்கள்.

"எவ்ளோ நேரம்தான் தெறந்து வெச்சிக்கினு நிக்கிறது? ஏன் இவ்ளோ லேட்டு?" என்று லாரன்ஸ் சீறினான்.

காஸ்பர் வாயைத் திறந்தான். அதற்குள் மரியசெல்வி, "வண்டி ரிப்பேருண்ணா" என்றாள். பிறகு குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள்.

அங்கே எல்லாரையும்விடச் சத்தமாக அழுதது காஸ்பர்தான். மாமனார் மேல் மருமகனுக்கு எவ்வளவு பாசம் என்று தீவுக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்களாம். காஸ்பரே என்னிடம் சொன்னான், தலை குனிந்துகொண்டு.